சத்தம் போடாத கப்ப

பீளமேடு,
18-6-2024

அன்புள்ள ராமாவுக்கு,

இங்கே நானும் வீடும் இருந்த இடத்தில் இருக்கிறோம். ஆப்பரேஷன் ஆன கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுகிறார்களா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன் தம்பி வீட்டுக் கூடத்தில் சினிமா நடிகை மாதிரி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ சொல்வது எனக்கு விளங்குவதற்குள் கொடுமுடி முழுக்க விளங்கிவிடுகிறது. செல்லில் எழுதலாம் என்றால், உன் டாக்டர் திரையைப் பார்க்கவே கூடாது என்கிறார். ஆகையால் பழையபடி கடிதம். வாசித்துக் காட்டத்தான் உன் தம்பி மருமகள் பிந்து இருக்கிறாளே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இல்லாத வீட்டில் உயிருள்ளது ஏதாவது ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றியது. நாய் குரைக்கும். கிளி வளர்த்தால் வனத்துறை வரும். நம் பையன் ஹர்ஷா மீன் வளர்த்த லட்சணம் உனக்கே தெரியும். எனக்கு வேண்டியது சத்தமில்லாத ஒரு ஜீவன். மில்லில் தறி ஷெட்டிலும் சத்தம், வீட்டிலும் சத்தம், ஒரு ஆயுசுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் ஒரு கப்ப வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

உக்கடத்தில் கடைக்குப் போனேன். நம் வீட்டுத் தெலுங்கில்தான் அது கப்ப, கடையில் தவளை என்று கேட்டால்தான் புரிகிறது. வெளிநாட்டுத் தவளை ஒன்றைக் காட்டினார்கள். முக்கால்வாசி உடம்பு வாய்தான். எங்கள் பழைய மில் மேனேஜர் ஞாபகம் வந்துவிட்டது, வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீட்டில் தேடினால் மூன்று கிடைத்தன. துவைக்கிற கல்லடியில் சொறித் தவளை ஒன்று, அதைப் பார்த்தாலே கை அரித்தது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு பச்சை, ஆள் நிழல் பட்டாலே குதித்து ஓடுகிறது. மூன்றாவது, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு நிற மரத்தவளை. விரல் நுனியெல்லாம் பொத்தான் வைத்தது போல் இருக்கிறது. நான் முகம் மழித்து முடிக்கும்வரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்தது, நகரவே இல்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

ஹர்ஷாவின் பழைய கண்ணாடித் தொட்டியைக் கழுவி, அடியில் மண், மேலே தென்னைநார்த் தூள், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் என்று வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருப்பதால் ஒரு நாள் பிடித்து வைத்துத்தான் ஊற்றுகிறேன். மூடிக்குக் கொசுவலை.

ஒரு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். எந்தத் தேதிக்கு வருகிறாய் என்று எழுது. தம்பியையும் மற்றவர்களையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
சீனிவாசலு


கொடுமுடி,
29-6-2024

ஹர்ஷா அப்பாவுக்கு, ராமாமணி எழுதியது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினீர்களா? எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிந்து அடுப்புக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி வாசித்தாள். குக்கர் விசில் அடித்ததில் நடுவே கொஞ்சம் விட்டுப்போயிற்று. பரவாயில்லை, விஷயம் புரிந்தது. கப்ப வைக்கிறீர்கள் என்று கேட்டு எனக்குச் சந்தோஷம். சும்மா உட்கார்ந்திருக்காமல் கையை அசைத்தால் உடம்புக்கும் நல்லது.

ஆனால் கண்ணாடித் தொட்டி எதற்கு? புழக்கடையில் அந்த முருங்கை மரத்துப் பக்கம் வெயில் நன்றாகப் படும், அங்கே வையுங்கள். தண்ணீர் தேங்க விட்டால் அழுகிவிடும். எலிக்கு அது என்றால் உயிர், பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பெருத்ததும் தோலை உரித்துத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டினால் நீங்கள் ஒருவரே சாப்பிட்டுத் தீர்த்துவிடுவீர்கள். மீதி இருந்தால் மாடியில் குடியிருக்கிற சபுராவுக்குக் கொடுங்கள், அவள் மகள் நிலோஃபருக்குப் பிடிக்கும்.

ஹர்ஷா வாங்கிக் கொடுத்த காது மிஷின் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. மாட்டிப் பார்த்தீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ராமாமணி


கொடுமுடி,
27-7-2024

ஹர்ஷா அப்பாவுக்கு, ராமாமணி எழுதியது.

இங்கே குறையொன்றும் இல்லை. காவிரியில் தண்ணீர் பெருகி வருகிறது, ஆடிப் பதினெட்டுக்கு ஊரே ஆற்றங்கரையில்தான் இருக்கும் என்கிறார்கள்.

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன், பிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சபுராவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நல்லாத்தானுங்க அக்கா இருக்காங்க, காலைல நடந்துட்டு வந்தாங்க" என்றாள். அப்படியானால் கோபம்தான். வருகிற தேதியை நான் எழுதவில்லை என்றா? அடுத்த கண்ணுக்கு ஆவணியில் நாள் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் எதற்கு அலைவது என்றுதான்.

என்ன கோபமென்று எழுதினால் தேவலை.

ராமாமணி


பீளமேடு,
1-8-2024

ராமாவுக்கு,

சௌக்கியமாக இருக்கிறேன். மாத்திரை வாங்கிவிட்டேன்.

கோபமா என்று கேட்கிறாய். வேறென்ன வரும்? ஆசையாக ஒரு வாயில்லா ஜீவனைக் கொண்டுவந்து, அதற்கு வீடு கட்டி, அந்திக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கரப்பானும் விட்டில் பூச்சியும் பிடித்துப் போட்டு வளர்க்கிறேன். நீ அதைத் தோலை உரித்து வேகவைத்துக் கடுகு தாளிக்கச் சொல்கிறாய்! மீதியை மாடிக்கு வேறு கொடுக்க வேண்டுமாம். வெளிநாட்டில் யாரோ தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொடுமுடியிலும் ஆரம்பித்துவிட்டார்களா? பதில் எழுத எடுத்த பேனாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நீ என்ன நினைத்தாலும் சரி, அது நன்றாக இருக்கிறது. சாந்தா என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆண் தவளைதான் கத்தும், பெண் கத்தாது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். இது வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. ஆகவே பெண். பெண்களிலும் இப்படி அமைதியான பிறவி இருக்கிறது என்று இத்தனை வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். நான் பேசுகிறேன், அது கேட்கிறது.

காது மிஷின் பீரோவிலேயே தூங்கட்டும். மாட்டினால் கிரீச் என்கிறது. என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தக் காலத்தில் ஜனங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

சீனிவாசலு


கொடுமுடி,
10-8-2024

ஹர்ஷா அப்பாவுக்கு, ராமாமணி எழுதியது.

உங்கள் கடிதத்தை இந்த முறை நானே வாசித்தேன், ஒரு கண் தெளிந்துவிட்டது. வாசித்துவிட்டுச் சிரித்ததில் புரையேறி, என் தம்பி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

பிந்து பாலக்காட்டுப் பெண். அவளுக்குக் கப்ப என்றால் மரவள்ளிக்கிழங்கு. வாரத்துக்கு மூன்று நாள் இந்த வீட்டில் அதுதான் வேகிறது. உயிருள்ளது என்றால் செடியும்தானே, நீங்கள் எழுதின தொட்டியையும் மண்ணையும் தென்னைநார்த் தூளையும் கேட்டதும் எனக்குக் கிழங்குதான் கண்ணில் வந்தது. கடைக்குப் போனதும் கண்ணாடியில் ஒட்டியிருந்ததும் குக்கர் விசிலில் போய்விட்டன. விஷயத்தைச் சொன்னதும் பிந்து, "அய்யோ அத்தே, தவளையையா வேகவைக்கச் சொன்னோம்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உங்கள் சாந்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து வாயில் இருந்த சொல். சின்ன வயதில் மழை பெய்தால் "கப்ப, கப்ப" என்று கத்திக்கொண்டு நானும் தம்பியும்தான் ஓடுவோம். சில வாரம் வேறு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்ததற்கே அது மாறிப் போய்விட்டதே என்றிருந்தது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சத்தமில்லாத ஜீவன் வேண்டும், வீட்டில் சத்தம் கேட்டுப் போதும் போதும் என்றாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிந்து வாசித்தபோது குக்கர் சத்தம் போடவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. வாசித்துவிட்டு அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழையில் நனையாதீர்கள்.

ராமாமணி


பீளமேடு,
5-9-2024

ராமாமணி அக்காவுக்கு மாடி வீட்டுச் சபுரா எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நாங்கள் நலம். உங்களுடைய இன்னொரு கண்ணும் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு மனசு நிறைந்தது. உங்கள் ஜாக்கெட் இரண்டையும் தைத்து, ஊருக்குத் திரும்புகிற பிந்து வீட்டுக்காரர் மனோஜ்குமாரிடம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் இந்தச் சீட்டை வைக்கிறேன். போனில் சொன்னால் நிலோஃபர் கேட்டு அய்யாவிடம் உளறிவிடுவாளோ என்று பயம்.

அக்கா, அந்தத் தவளை கத்துகிறது. கொஞ்ச நஞ்சமாக இல்லை. மழை தூறினால் போதும், விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்துவிடும். எண்ணெய் போடாத தையல் மிஷினை வேகமாக ஓட்டின மாதிரி கடகடகடவென்று இருக்கும். நிலோஃபர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன மிஷின் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

நேற்றுப் பாயசம் கொடுக்கக் கீழே போனேன். தொட்டிக்குள் அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. அய்யா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பாத்தியா சபுரா, எத்தன அமைதி! இதுபாட்டுக்கு இருக்குது பாரு" என்றார்கள். "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிட்டு மேலே வந்து அழுதுவிட்டேன் அக்கா.

சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

சபுரா


கொடுமுடி,
12-9-2024

ஹர்ஷா அப்பாவுக்கு, ராமாமணி எழுதியது.

இரண்டு கண்ணும் ஆயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தென்னையில் காய் எத்தனை என்று எண்ணலாம் போல இருக்கிறது. நீங்கள் சௌக்கியமா? சபுரா தைத்த ஜாக்கெட் அளவாக இருக்கிறது.

தம்பி பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மேஜை விசிறியும் வாங்கி வைத்திருக்கிறான். "அக்கா, இது உன்ற ரூமு, எத்தன நாள் வேணும்னாலும் இரு" என்கிறான். இங்கே எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். நானும் மெதுவாகப் பேசுகிறேன். எனக்கே அது புதிதாக இருக்கிறது.

சாந்தா என்ன செய்கிறாள்? எனக்கு ஒரு சின்ன சந்தேகம். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் தொண்டையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ராமாமணி


பீளமேடு,
3-10-2024

அன்புள்ள ராமாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ எழுதினபடி தொண்டையைப் பார்த்தேன். எனக்குப் பகீர் என்றது. இரண்டு நொடிக்கு ஒரு தரம் பலூன் போல உப்புகிறது, சுருங்குகிறது, மறுபடி உப்புகிறது. ஏதோ கட்டி, மூச்சு விட முடியாமல் தவிக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் மூடியில் ஓட்டை போட்ட டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து அதை வைத்து, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே நாயும் பூனையுமாக நல்ல கூட்டம். வெளியே நல்ல மழை. நான் உட்கார்ந்ததும் எல்லோரும் என் மடியையே பார்த்தார்கள். ஒரு அல்சேஷன் எழுந்து வந்து டிபன் பாக்ஸைப் பார்த்துக் குரைத்தது. டிபன் பாக்ஸ் புதிது, அதனால் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

டாக்டர் சின்னப் பெண், மேக்னா என்று பெயர்ப் பலகை. "தொண்டையில் கட்டி, காப்பாத்திக் குடுங்கம்மா" என்றேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் 'கத்தி' என்று மட்டும் விழுந்தது. "கத்தியா? ஆப்பரேஷன் செய்யற அளவுக்கா போயிருச்சு?" என்று கேட்டேன். அவள் என் காதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் வந்து பலம் கொண்ட மட்டும் கத்திச் சொன்னாள்: "கத்தி இல்லீங்க அய்யா! கத்துதுங்க! ஆம்பளத் தவளைங்க! நீங்க உள்ள வந்ததுலருந்து நிறுத்தாமக் கத்திட்டே இருக்குதுங்க!"

பொடிநடையாக வீட்டுக்கு வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை.

நம் ஊர்த் தவளையை அடைத்து வைக்கக்கூடாது, விட்டுவிட்டால் அதுவே வேண்டியபோது வரும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். மூடியை எடுத்துவிட்டேன், சன்னலும் திறந்தே இருக்கிறது. போகிறது, வருகிறது. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வைக்கிறேன். சாந்தாவைச் சாந்தப்பன் ஆக்கியாயிற்று.

பீரோவைத் திறந்து மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டேன். முதலில் கேட்டது அவனைத்தான். குரலா அது! இந்தக் குரலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அமைதி அமைதி என்று சொல்லியிருக்கிறேன். சபுரா என்ன நினைத்திருப்பாள்? தெருவே என்ன நினைத்திருக்கும்? உனக்கும் தெரிந்துதான் தொண்டையைப் பார் என்று எழுதினாயோ?

இப்போது பாத்ரூம் குழாய் சொட்டுவது கேட்கிறது. மாடியில் சபுராவின் தையல் மிஷின் கேட்கிறது. உன் சத்தம் மட்டும் இல்லை.

சீனிவாசலு


கொடுமுடி,
14-10-2024

ஹர்ஷா அப்பாவுக்கு, ராமாமணி எழுதியது.

உடம்புக்கு நான் சுகமே. மனசு சுகமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

தெரிந்துதான் எழுதினேன். நேரடியாகச் சொன்னால் சபுரா பொய் சொல்கிறாள் என்பீர்கள், உங்கள் கண்ணாலேயே தெரியட்டும் என்று விட்டேன். டாக்டர் வீட்டில் நாலு பேர் சிரிக்கும்படி ஆகும் என்று நினைக்கவில்லை. அந்த இடத்துக்கு மேல் வாசிக்க மாட்டாமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் எனக்குக் கோபமும் வந்தது. மிஷின் பீரோவுக்குள் போய் இரண்டு வருஷம். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் நான் தொண்டை வறளக் கத்தியிருப்பேன்! சோறு ஆறுகிறது என்று கத்தினேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று கத்தினேன், எனக்குக் கண் மங்குகிறது என்றுகூடக் கத்தித்தான் சொன்னேன். என் தம்பி மகள் சாய்ப்ரியா நிச்சயதார்த்தத்தில் அத்தனை சம்பந்திகள் நடுவே, "உனக்கு மெதுவாப் பேசவே தெரியாதா? எப்பப் பாத்தாலும் என்ன சத்தம்!" என்றீர்களே, அன்றைக்கும் மிஷினை எடுக்கத் தோன்றவில்லை. ஒரு தவளைக்கு உடம்பு சரியில்லையோ என்றதும் எடுத்து மாட்டிக்கொண்டீர்கள். அந்தக் கப்ப பெற்ற பாக்கியம் எனக்கு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் பொறாமையாக இருக்கிறது.

கண்ணைச் சாக்குச் சொல்லிக்கொண்டு இருந்தேன். இனி சாக்கும் இல்லை. எப்போது வருகிறேன் என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே போன் செய்து சொல்கிறேன். கத்த மாட்டேன். மிஷினை மாட்டிக்கொண்டு இருங்கள்.

ராமாமணி


பீளமேடு,
21-10-2024

அன்புள்ள ராமாவுக்கு,

நேற்று உன்னிடம் கேட்க நினைத்த நலம் எல்லாம் கேட்டுவிட்டதால் இன்று நேராக எழுதுகிறேன்.

மத்தியானமே புது பேட்டரி போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தது. "சாப்ட்டீங்களா?" என்றாய். கேட்டது. "மழைங்களா அங்க?" என்றாய். அதுவும் கேட்டது. ராமா, உன் குரல் இத்தனை மெல்லியது என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. கல்யாணமான புதிதில் இருந்த அதே குரல். நான் பதில் சொல்லத் தாமதித்தேனே, கேட்கவில்லை என்று நினைத்துவிடாதே. கேட்டதால்தான் தாமதம்.

பிறகு "ஏனுங்க, நானு..." என்று ஆரம்பித்தாய். அந்த நேரம் பார்த்துச் சாந்தப்பன் சன்னல் வழியாக வந்து ஸ்விட்ச் போர்டின் மேல் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டான். மிஷினில் அது இடி போல விழுகிறது. நான், "டேய், சும்மா இர்றா, அம்மணி பேசுது" என்று அதட்டினேன். அவன் நிறுத்தும்போது நீ போனை வைத்துவிட்டாய். நீ சொன்ன நாள் எனக்கு விழவில்லை. புதன் என்றாயோ, சனி என்றாயோ? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இன்னொரு தரம் சொல்லு என்று உன்னைக் கேட்பதா?

தவளைக்காக மாட்டினேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அந்த டாக்டர் பெண் எனக்காகக் கத்தினபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண் இடுங்கியது. நல்ல கோபக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். முன்னே பின்னே தெரியாத பெண்ணுக்கு என்மேல் என்ன கோபம்? எனக்குக் கேட்க வேண்டுமே என்ற கஷ்டம், அவ்வளவுதான். உன் முகமும் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷமாக அதைக் கோபம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்துக்கொண்டேதான் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவைத் திறந்தேன். தவளை அப்போது டிபன் பாக்ஸிலேயே இருந்தது.

நாள் தெரியாததால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நாளையிலிருந்து தினமும் சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில் இருப்பேன். கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு அலையாதே.

சீனிவாசலு


சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு,
25-10-2024

ஏனுங்க,

இதற்குத் தபால்தலை வேண்டாம். வெள்ளக்கோவிலில் பஸ் மாறி வந்து சேர்ந்துவிட்டேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "அஞ்சு நிமிசம் இருந்துக்கறனுங்க தம்பி" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணில் குறை இல்லை, மடியில் வைத்து எழுதுகிறேன்.

தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். எனக்கு எல்லாமே தெரிகிறது. இளைத்துப் போயிருக்கிறீர்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். காதில் மிஷின் இருக்கிறது. அடுத்த பஸ் உள்ளே வருகிறது, இந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அதன் படிக்கட்டையே எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் நாள் எதுவும் சொல்லவில்லை. சொன்னது வேறு. சொல்லி முடித்ததும் பின்னால் அவன் கத்துவதும் நீங்கள் "அம்மணி பேசுது" என்று அவனை அதட்டுவதும் கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, போனை வைத்துவிட்டேன். உங்களுக்கு விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் விழவில்லை என்று தெரிந்தது. வராதவளுக்காக ஒருவர் தினமும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதா? பின்கட்டு அறையில் இருந்த துணியை எல்லாம் பையில் போடும்போது தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிந்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், அது கிழங்குதான், பயப்பட வேண்டாம்.

அன்று நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி எப்போதும் கேட்கக்கூடாது. அந்த ஒன்று உங்களுக்குக் கேட்காமல் போனதே நல்லது.

கண்டக்டர் பார்க்கிறார். இறங்குகிறேன். இந்தப் பக்கமாக வந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, கத்தாமல், என் சொந்தக் குரலில் கூப்பிடப் போகிறேன். திரும்பிப் பார்த்தீர்களென்றால் இதை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

ராமா